கணையத்தில் கல், கூடவே சர்க்கரை: கணையம் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் புரியும். தம்பிக்கு 26 வயது, ஒல்லியான உடம்பு, குடிப்பழக்கம் இல்லை. பள்ளி நாட்களிலிருந்தே அவ்வப்போது வயிற்று வலி. ஒவ்வொரு முறையும் அல்சர் என்று மாத்திரை. இப்போது எடை குறைகிறதே என்று சோதித்தால் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருக்கிறது, ஸ்கேனில் கணையத்தில் கற்கள். "கணையம் இன்சுலின் சுரக்கிற உறுப்புதானே, அதில் எப்படிக் கல் வரும்? கல்லை எடுத்துவிட்டால் சர்க்கரை போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணையம் என்னதான் செய்கிறது என்று தெரிந்தால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். நான் இரைப்பை, குடல் மருத்துவம் படித்து அதையே தொழிலாகச் செய்பவன். உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவருக்கு இதுதான் நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சித்திரம்.

முதலில், இன்சுலின் சுரப்பது கணையத்தின் வேலைகளில் ஒன்று. அதன் எடையில் பெரும்பங்கு அதற்கானது அல்ல. இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்கள் மொத்தக் கணையத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். மீதி ஏறக்குறைய முழுவதும் செரிமானச் சுரப்பி. நாம் சாப்பிடும் சோறு, பருப்பு, எண்ணெய் மூன்றையும் உடைக்கும் நீரைத் தயாரித்துக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவதுதான் அதன் பெரிய தொழில். சர்க்கரை நோய் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதால் கணையம் என்றாலே இன்சுலின் என்று ஆகிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குடும்பம் செரிமானம், சிறிய குடும்பம் சர்க்கரைக் கட்டுப்பாடு. இரண்டுக்கும் வாசல் வேறு. ஆனால் வீடு தீப்பிடித்தால் இரண்டுக்கும்தான் ஆபத்து.

இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. மேல்வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் குறுக்கே கிடக்கும் சுரப்பி இது. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், 100 கிராமுக்குக் குறைவான எடை. தலைப்பகுதி வலப்பக்கம் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால் இடப்பக்கம் மண்ணீரல்வரை போகும். இவ்வளவு ஆழத்தில் இருப்பதால்தான் கையால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை. சாதாரண வயிற்று ஸ்கேனிலும் முன்னால் இருக்கும் குடல் காற்று மறைத்துவிடும். பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், "காற்று காரணமாகக் கணையம் சரியாகத் தெரியவில்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கலாம். அது கணையம் நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழ் அல்ல. அப்புறம், கணைய வலி மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே இரவைக் கழித்ததாக நோயாளி சொன்னால் எங்களுக்குச் சந்தேகம் முதலில் கணையத்தின் மேல்தான் போகும். உங்கள் தம்பியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பெரிய குடும்பத்தின் வேலையைப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டர்வரை கணையநீர் சுரக்கிறது. அதில் இரண்டு சரக்குகள். ஒன்று பைகார்பனேட், அதாவது காரம். இரைப்பையிலிருந்து உணவு இறங்கும்போது கடும் அமிலத்தோடு வருகிறது. அதைத் தணிக்காவிட்டால் குடலும் புண்ணாகும், நொதிகளும் வேலை செய்யாது. இன்னொன்று அந்த நொதிகள், அதாவது என்சைம்கள்: மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ், கொழுப்பை உடைக்க லைப்பேஸ், புரதத்தை உடைக்க டிரிப்சின் வகைகள். மாவுச்சத்துக்கு எச்சிலிலும் அமைலேஸ் உண்டு, புரதத்துக்கு இரைப்பையிலும் கொஞ்சம் வேலை நடக்கும். கொழுப்புக்குத்தான் கணையத்தை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும். எப்போது சுரக்க வேண்டும் என்று கணையத்துக்குச் சொல்வது குடல்தான். அமிலம் வந்து பட்டதும் குடல் சுவர் செக்ரெட்டின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். கணையம் காரநீரைத் திறந்துவிடும். கொழுப்பும் புரதமும் வந்தால் வேறொரு ஹார்மோன் போய் நொதிகளை இறக்கச் சொல்லும். லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் இருவரும் 1902-ல் செக்ரெட்டினைக் கண்டுபிடித்ததுதான் ஹார்மோன் என்ற கருத்துக்கே தொடக்கம். இன்சுலின் அதற்கு இருபது வருடம் பின்னால் வந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். இறைச்சியைக் கரைக்கும் நொதி கணையத்துக்குள்ளேயே தயாராகிறது, கணையமும் இறைச்சிதானே, அது ஏன் தன்னையே கரைத்துக்கொள்வதில்லை? காரணம், புரதத்தை உடைக்கும் நொதிகளை அது செயலற்ற வடிவத்தில்தான் தயாரிக்கிறது. டிரிப்சினோஜன் என்ற வடிவத்தில் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கும். குடலுக்குள் போன பிறகு, குடல் சுவரில் இருக்கும் இன்னொரு நொதி அதன் ஒரு துண்டை வெட்டிவிட்ட பிறகே டிரிப்சினாக மாறும். அது மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். தப்பித்தவறி உள்ளேயே கொஞ்சம் விழித்துக்கொண்டாலும் அதைப் பிடித்து முடக்க ஒரு காவல் புரதமும் கணையத்தில் உண்டு. இந்தப் பாதுகாப்பு மொத்தமாகத் தோற்கும்போது வருவதுதான் திடீர்க் கணைய அழற்சி. பித்தப்பைக் கல் நழுவி வந்து, பித்தநாளமும் கணையக் குழாயும் சேர்ந்து குடலில் திறக்கும் வாயில் மாட்டுவது ஒரு முக்கியக் காரணம், மது இன்னொன்று, ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டுவது மூன்றாவது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாளில் அடங்கிவிடும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ரத்தப் பரிசோதனையில் அமைலேஸ், லைப்பேஸ் அளவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை வைத்து நோயின் கடுமையைக் கணிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000 வந்தவர் மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போவார், 500 வந்தவர் ஐ.சி.யூ.வில் இருப்பார்.

சரி, சிறிய குடும்பம். 1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் கணையத்தைப் பார்த்தபோது, சுற்றியிருக்கும் செல்களிலிருந்து மாறுபட்ட சிறு சிறு கூட்டங்கள் ஆங்காங்கே இருப்பதைக் கண்டார். எதற்காக என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயர் வந்தது. ஒரு கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் தீவுகள் இருக்கும். இவற்றுக்குக் குழாய் கிடையாது. சுரப்பது நேராக ரத்தத்தில் கலக்கும். தீவில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினையும் ஆல்ஃபா செல்கள் குளுகாகானையும் தருகின்றன. சர்க்கரை ஏறும்போது இன்சுலின் அதைத் தசைக்கும் கொழுப்புக்கும் அனுப்பி, கல்லீரலிலும் சேமிக்க வைக்கும்; இறங்கும்போது குளுகாகான் கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிடும். இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு: வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை, உடலில் ஐந்து லிட்டர் ரத்தம் என்றால், ரத்தம் முழுவதிலும் இருப்பது ஐந்தே கிராம் குளுக்கோஸ். ஒரு தேக்கரண்டிதான். மூன்று இட்லி சாப்பிட்டால் அதைப்போல் பல மடங்கு உள்ளே வருகிறது, ஆனாலும் ஆரோக்கியமான ஆளுக்கு அளவு 140-ஐத் தாண்டுவது அரிது. ரத்தத்தில் விடப்பட்ட இன்சுலினில் பாதி சில நிமிடங்களிலேயே அழிந்துவிடும் என்பதால் பீட்டா செல்கள் ராப்பகலாக அளந்து அளந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஊசியால் இதை முழுதாக ஈடுகட்டுவது கடினமாக இருக்கிறது.

உங்கள் தம்பியின் விஷயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பழைய கதை உண்டு. கணையத்தை முழுதாக எடுத்தால் நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1889-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் கணையத்திலிருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளை யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை. 1920 அக்டோபர் கடைசியில், கனடாவில் ஃப்ரெடெரிக் பாண்டிங் என்ற அறுவை மருத்துவர், தான் எடுக்க வேண்டிய ஒரு வகுப்புக்குத் தயாராக மருத்துவ இதழ் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் மோசஸ் பாரன் என்ற நோயியல் மருத்துவர், கணையக் குழாயில் கல் அடைத்த ஒருவரின் கணையத்தை விவரித்திருந்தார். செரிமானச் செல்கள் வற்றிப்போயிருந்தன, தீவுகளில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. நாயின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமானப் பகுதி வற்றும், நொதியின் தொல்லை இல்லாமல் தீவுகளிலிருந்து மருந்தை எடுக்கலாமே என்று பாண்டிங்குக்குத் தோன்றியது அதைப் படித்துத்தான். 1921-ல் டொராண்டோவில் பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வகத்தில், சார்லஸ் பெஸ்ட் என்ற உதவியாளரோடு வேலை தொடங்கியது. 1922 ஜனவரியில், சர்க்கரை நோய் இருந்த 14 வயது லியனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை; காலிப் என்ற வேதியியலாளர் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு, அதே மாதக் கடைசியில் பலித்தது. குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை என்று பின்னால் தெரிந்தது வேறு விஷயம். ஆக, இன்சுலின் நமக்குக் கிடைத்த வழியில் ஒரு கணையக் கல்லும் இருக்கிறது.

அப்படியானால் கல் அடைத்தும் தீவுகள் தப்பிக்க வேண்டுமே, உங்கள் தம்பிக்கு ஏன் சர்க்கரை வந்தது? கொஞ்ச காலம் தப்பிக்கும். அழற்சி வருடக்கணக்கில் நீடித்தால் கணையம் தழும்பாகி நார்போல் இறுகிவிடும், அந்த இறுக்கத்தில் தீவுகளும் மெல்ல அழியும். கல் வருவதற்கும் இதே நீண்டகால அழற்சிதான் காரணம். கணையநீரில் புரதம் திரண்டு குழாயில் கட்டிக்கொள்கிறது, அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிகிறது. சிறுநீரகக் கல்லோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள்; தண்ணீர் நிறையக் குடித்தால் கரையாது, வாழைத்தண்டுச் சாறும் உதவாது. அறுவை சிகிச்சையில் எடுத்துத் தட்டில் வைத்தால் வெள்ளையாக, பவளத் துண்டுபோல் கூர்முனைகளோடு இருக்கும். மணல் அளவிலிருந்து புளியங்கொட்டைக்கும் பெரியதுவரை பார்க்கலாம். குடிப்பழக்கம் இல்லாத இளைஞர்கள், சிறுவயதிலிருந்து வலி, விரிந்த குழாயில் பெரிய பெரிய கற்கள், அப்புறம் சர்க்கரை: இந்தத் தொகுப்பை வெப்பமண்டலக் கணைய அழற்சி என்கிறோம். இந்தோனேசியாவில் ஜூய்டெமா என்ற மருத்துவர் 1959-ல் இதை எழுதினார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் மிகப் பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். சென்னையிலும் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது.

காரணம் என்ன என்பதில்தான் உறுதியாகப் பேச முடியாது. ஒரு காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி விழுந்தது, அதில் சயனைடு தரும் பொருள் இருப்பதாலும் கேரளத்தில் அதை நிறையச் சாப்பிடுவதாலும். ஆனால் மரவள்ளி அதிகம் சாப்பிடாத இடங்களிலும் இந்த நோய் வருகிறது, அதைச் சாப்பிடும் பலருக்கு வருவதில்லை. இன்று பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏற்பதில்லை. ஊட்டச்சத்துக் குறைவு காரணமா விளைவா என்பதும் தீராத வழக்கு. நல்ல சாப்பாடு கிடைக்கிறவர்களுக்கும் இப்போது பார்க்கிறோம். ஓரளவு உறுதியானது மரபணுப் பங்கு. மேலே சொன்ன காவல் புரதம், அதன் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இந்த நோயாளிகளிடம் நிறையக் காணப்படுகிறது. ஆனால் ஆரோக்கியமாக இருக்கும் நூறு பேரிலும் ஓரிருவருக்கு அதே மாற்றம் உண்டு. ஆகவே அது மட்டும் போதாது, வேறு ஏதோ சேர வேண்டும். அம்மா அவருக்குச் சின்ன வயதில் என்ன கொடுத்தார், என்ன கொடுக்கவில்லை என்று வீட்டில் யாராவது பேச ஆரம்பித்திருந்தால் அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் கெடுதல்: புகை. குடியில்லை என்று எழுதினீர்கள், பீடி சிகரெட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருந்தால் விடத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கல்லை எடுத்தால் சர்க்கரை போய்விடுமா? பெரும்பாலும் போகாது. அழிந்த தீவுகள் திரும்பி வருவதில்லை. கல்லை எடுப்பதன் நோக்கம் வலியைக் குறைப்பது. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்து எண்டோஸ்கோபி வழியாக எடுக்கலாம். குழாய் மிகவும் விரிந்திருந்தால் அறுவை சிகிச்சையில் குழாயைத் திறந்து கற்களை எடுத்துவிட்டு, கணையநீர் குடலில் நேராக வடியும்படி தைத்துவிடலாம். எது முதலில் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கல்லின் அளவு, எந்த இடத்தில் இருக்கிறது, குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், அதற்குப் படத்தைப் பார்க்க வேண்டும். வலியே இல்லாவிட்டால், ஸ்கேனில் கல் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

கல்லை விட எனக்குக் கவலை தருவது அவருடைய எடை. சர்க்கரை அவ்வளவு இருந்தாலே எடை குறையும், ஆனால் கொழுப்பு செரிக்காமல் வெளியே போவதும் காரணமாக இருக்கலாம். கணையம் நொதி சுரக்கும் திறனில் பத்தில் ஒன்பது பங்கை இழந்த பிறகே இது வெளியே தெரியும், அவ்வளவு கையிருப்பு உண்டு அதற்கு. மலம் வெளிறி, அதிகமாக, கெட்ட நாற்றத்தோடு இருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் சுலபமாகப் போகாது, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். இதை யாரும் தானாக மருத்துவரிடம் சொல்வதில்லை. கேட்டால்தான், "ஆமாம் சார், ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்பார்கள். இதற்கு நொதி கேப்சூல்கள் இருக்கின்றன, 10,000, 25,000 என்று லைப்பேஸ் அளவு அட்டையில் போட்டிருக்கும். இவை சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் பலன் இல்லை என்று வருகிறவர்கள் ஏராளம். முதல் கவளத்தோடு போட்டுக்கொள்ள வேண்டும், நிறையச் சாப்பிடும்போது பாதியில் இன்னொன்று. கடித்து மெல்லக் கூடாது. பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும், சிலருக்கு அது முக்கியம். எண்ணெயை அடியோடு நிறுத்தி வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள், அது பழைய வைத்தியம். ஏற்கெனவே மெலிந்திருப்பவரை அது இன்னும் மெலிய வைக்கும். நொதியோடு சேர்த்து ஓரளவு எண்ணெய் உள்ள சாதாரணச் சாப்பாடே நல்லது. கொழுப்போடு சேர்ந்து ஏறும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவருடைய சர்க்கரை, உங்கள் பெரியப்பாவுக்கோ அத்தைக்கோ இருக்கும் சர்க்கரையைப் போன்றது அல்ல. அவர்களுக்குப் பெரும்பாலும் இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகப் பணிவதில்லை. இவருக்குத் தீவுகளே குறைந்துவிட்டன. பெரும்பாலோருக்கு என்றாவது ஒரு நாள் இன்சுலின் ஊசி தேவைப்படும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. பீட்டா செல்களோடு ஆல்ஃபா செல்களும் போவதால், சர்க்கரை கீழே இறங்கினால் தூக்கிவிடக் குளுகாகான் போதாமல் போகலாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது இவருக்கு மற்றவர்களைவிட ஆபத்து. வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரை, பையில் எப்போதும் கொஞ்சம் இருக்கட்டும். புதிதாக ஒரு சர்க்கரை மருத்துவரைப் பார்த்தால் கணைய அழற்சி இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் சில வகை மருந்துகளை இவர்களுக்குத் தவிர்ப்பது வழக்கம். கணையத்தைச் சுத்தம் செய்யும் பொடி, பீட்டா செல்லை முளைக்க வைக்கும் கஷாயம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒன்று மனிதர்களிடம் வேலை செய்வதாக நிரூபிக்கப்படவில்லை, அதை நம்பி ஊசியை நிறுத்தியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: கணையக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது, கற்கள் தலைப்பகுதியிலா வாலிலா, நொதி தேவையா, மலத்தில் எலாஸ்டேஸ் பரிசோதனை (கணையம் போதுமான நொதி சுரக்கிறதா என்று காட்டுவது) செய்யலாமா. நீண்டகாலக் கணைய அழற்சி உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். 26 வயதில் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் எந்த வயதிலும் கண் மஞ்சளானாலோ, வலியின் தன்மை திடீரென்று மாறினாலோ, சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எடை இறங்கினாலோ, பழைய நோய்தானே என்று விட்டுவிடாமல் திரும்பவும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சி.டி. அல்லது எம்.ஆர்.சி.பி. (பித்தநாளத்தையும் கணையக் குழாயையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) ரிப்போர்ட் வந்ததும், பெயரை மறைத்துவிட்டு அதில் எழுதியிருப்பதை இங்கே தட்டச்சு செய்தால், என்ன பொருள் என்றாவது விளக்கிச் சொல்கிறேன்.